பெஞ்சமின் ரஷ் கடிதங்கள்: வீட்டுக்கு எழுதியதும் வைத்தியத்துக்கு எழுதியதும்

பழந்தாள்:

ரஷ் பற்றி இங்கே இதுவரை தனி இழை இல்லை, அதனால் தொடங்குகிறேன். 1746-ல் பிலடெல்பியா பக்கத்தில் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் படித்துவிட்டு 1769-ல் ஊர் திரும்பியவர். 1776-ல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர். 1813-ல் சாகும்வரை கடிதம் எழுதுவதை விடவில்லை. பட்டர்ஃபீல்டு என்ற பதிப்பாசிரியர் 1951-ல் அவற்றைத் தொகுத்து இரண்டு பெரிய தொகுதிகளாகக் கொண்டுவந்தார்.

அந்தக் காலத்து டாக்டர்களின் கடிதங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் குடும்பக் கடிதம் ஒரு பக்கம், தொழில் கடிதம் ஒரு பக்கம் என்று பிரித்துவிடுவார்கள். ரஷ் விஷயத்தில் அந்தப் பிரிவினை உதவாது என்பது என் கட்சி. அவருடைய வைத்தியத்தைப் புரிந்துகொள்ள மனைவி ஜூலியாவுக்கு எழுதியதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

1793 ஆகஸ்டில் பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல் வந்தது. நகரத்தின் மக்கள்தொகை சுமார் 50,000. நவம்பருக்குள் ஏறத்தாழ 5,000 பேர் செத்தார்கள். வசதி இருந்தவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வெளியேறினார்கள், ஜனாதிபதி வாஷிங்டன் உட்பட. ஜூலியா குழந்தைகளோடு நியூஜெர்சியில் இருந்தார். ரஷ் ஊரிலேயே தங்கிவிட்டார். ஆகஸ்டு 21-ம் தேதிக் கடிதத்தில் வாட்டர் தெருப் பக்கம் ஒரு விஷக்காய்ச்சல் பரவுவதாகவும், துறைமுகத்தில் கெட்டுப்போய் அழுகிய காப்பிக்கொட்டைதான் காரணம் என்று பேசிக்கொள்வதாகவும் சொல்கிறார். அதற்கப்புறம் கிட்டத்தட்ட தினமும் ஒரு கடிதம். அன்றைக்கு யார் பிழைத்தார், யார் போனார், எந்த டாக்டர் தன்னோடு சண்டைக்கு வந்தார், தான் என்ன மருந்து கொடுத்தேன் என்று எல்லாம் அதில் இருக்கும். நோயாளிக் குறிப்பேடும் மனைவிக்கான கடிதமும் ஒரே தாளில்தான்.

இந்தக் கடிதங்களைத் தேதி வரிசையில் படித்தால் ஒரு மனிதன் எப்படிச் சந்தேகப்படுவதை நிறுத்துகிறான் என்று நாளுக்கு நாள் தெரிகிறது. முதல் இரண்டு வாரம் தடுமாறுகிறார். சிங்கோனா மரப்பட்டை, ஒயின், குளிர்ந்த நீர் என்று கைக்குத் தெரிந்த எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கிறார். எதுவும் கேட்கவில்லை. அப்புறம் ஒரு பழைய கையெழுத்துப் பிரதி நினைவுக்கு வருகிறது. வர்ஜீனியாவில் 1741-ல் வந்த காய்ச்சல் பற்றி ஜான் மிட்செல் என்ற டாக்டர் எழுதியது, பெஞ்சமின் ஃபிராங்க்ளின் வழியாக ரஷ் கைக்கு வந்தது. நோயாளி பலவீனமாக இருக்கிறாரே என்று தயங்காமல் பேதி கொடு என்பது மிட்செல் சொன்ன பாடம். ரஷ் அதைப் பிடித்துக்கொண்டார்.

வார்டு_நைட்_ஷிப்ட்:

பழந்தாள் சார், நான் செவிலியர். அந்தப் பேதி மருந்தின் அளவையும் சொல்லிவிடுங்கள், படிக்கிறவர்களுக்குப் புரியும். கலோமெல் 10 கிரெய்ன், ஜாலப் வேர்ப்பொடி 15 கிரெய்ன். கலோமெல் என்பது பாதரச உப்பு. 10 கிரெய்ன் என்றால் சுமார் 650 மில்லிகிராம். வயிறு நன்றாகப் போகும்வரை ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுப்பார்கள். கூடவே ரத்தம் எடுப்பது.

ஒருவர் உடம்பில் 25 பவுண்டு ரத்தம் இருக்கிறது என்று அவர் கணக்கு. உண்மையில் அதில் பாதிகூடக் கிடையாது. மஞ்சள் காய்ச்சலில் ஈரல் கெட்டு, வாந்தியிலேயே ரத்தம் கறுப்பாக வரும். உடம்பில் நீர் வற்றி, நாடி விழுந்து கிடக்கிற நோயாளிக்குப் பேதியும் கொடுத்து ரத்தத்தையும் இறக்கினால் என்ன ஆகும் என்று வார்டில் ஒரு ராத்திரி நின்றவர்களுக்குத் தெரியும். அந்த மனிதர் ஊரை விட்டு ஓடாமல் நின்றதை மதிக்கிறேன். ஆனால் "தங்கினார்" என்பதைச் சொல்லிச் சொல்லியே செய்ததை மறக்கடித்துவிடக் கூடாது.

தாழை:

ஓடாமல் நின்றது சின்ன விஷயமில்லை அக்கா. வீட்டிலேயே தங்கிப் படித்த அவருடைய பயிற்சி மாணவர்களில் மூன்று பேர் அந்தச் சில வாரங்களில் போய்விட்டார்கள். அக்கா ரெபேக்கா அதே வீட்டில் அக்டோபர் 1-ல் இறந்தார். அவருக்கே இரண்டு முறை காய்ச்சல் வந்தது. வந்தபோது தன் உடம்பிலும் அதே ரத்தம் எடுத்தல், அதே பேதி மருந்து. ஊருக்கு ஒரு மருந்து, தனக்கு ஒரு மருந்து என்று வைத்துக்கொள்ளவில்லை.

பழந்தாள்:

இரண்டு பேர் சொன்னதும் சரி. நான் சொல்ல வந்த இடமும் அதுதான். தானும் அதே மருந்தைச் சாப்பிட்டுப் பிழைத்தார், அதனால் மருந்தின் மேல் நம்பிக்கை இன்னும் இறுகியது. ஜூலியாவுக்கு எழுதும்போது பைபிளில் நெருப்புச் சூளையிலிருந்து தப்பிய மூவரின் பெயரைத் தனக்கு வைக்கலாம், அவர்கள் பிழைத்ததைவிடத் தான் பிழைத்தது குறைந்த அதிசயமில்லை என்கிறார். செப்டம்பர் 10-ம் தேதிக் குறிப்பில் இன்று பார்த்த 100 நோயாளிகளில் ஒருவரையும் இழக்கவில்லை, கடவுளுக்கு நன்றி என்று எழுதியிருக்கிறார். அந்த 100 பேரில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே மஞ்சள் காய்ச்சல், எத்தனை பேருக்குச் சாதாரணக் காய்ச்சல் என்று பிரித்துப் பார்க்க அவரிடம் வழி இல்லை. அதில் சிலர் மறுவாரம் செத்திருக்கலாம், அதுவும் அந்தக் குறிப்பில் வராது.

மனைவிக்கு எழுதும்போது மனிதன் தைரியம் சொல்லத்தான் பார்ப்பான். அவள் பயப்படக் கூடாது. தினமும் "மருந்து கேட்கிறது, நான் நன்றாக இருக்கிறேன்" என்று எழுதி எழுதி, எழுதியதை அவரே நம்பிவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. பத்திரிகைகளுக்கும் சக டாக்டர்களுக்கும் எழுதிய கடிதங்களில் இருக்கும் அந்த அசைக்க முடியாத தொனி ஜூலியாவுக்கு எழுதியதில்தான் முதலில் பழகியிருக்கிறது.

வார்டு_நைட்_ஷிப்ட்:

பிழைத்தவர்கள் நன்றிக் கடிதம் எழுதுவார்கள். செத்தவர் எழுத மாட்டார். வெறும் கடிதங்களை வைத்துக்கொண்டு வைத்தியத்தை எடை போடுவதில் இருக்கும் பெரிய ஓட்டை இது. ரஷ்ஷும் அந்த ஓட்டையில்தான் விழுந்தார், இப்போது படிக்கும் நாமும் விழக் கூடாது.

கல்மண்டபம்:

இந்தப் பேச்சில் ரிச்சர்டு ஆலன், ஆப்சலம் ஜோன்ஸ் பெயர் இன்னும் வரவில்லையே. இருவரும் பிலடெல்பியாவில் சுதந்திர ஆப்பிரிக்கச் சங்கத்தை நடத்திய கறுப்பினத் தலைவர்கள். செப்டம்பர் தொடக்கத்தில் ரஷ் ஆலனுக்கு எழுதினார். இந்தக் காய்ச்சல் உங்கள் நிறத்தவரைத் தொடுவதில்லை, அதனால் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள உங்கள் மக்கள் முன்வர வேண்டும் என்பது சாரம். சார்ல்ஸ்டனில் ஜான் லைனிங் என்ற டாக்டர் பல பத்தாண்டுகளுக்கு முன்னால் எழுதிவைத்ததை நம்பி ரஷ் அப்படிச் சொன்னார்.

அவர்கள் வந்தார்கள். வீடு வீடாகப் போனார்கள். சொந்தக்காரர்களே விட்டுவிட்டு ஓடிய நோயாளிக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், பிணம் தூக்கினார்கள், ரஷ் சொல்லிக்கொடுத்தபடி ரத்தமும் எடுத்தார்கள். காய்ச்சல் அவர்களையும் விடவில்லை. செப்டம்பர் 25-ம் தேதி ஜூலியாவுக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். கறுப்பின மக்கள் எங்கே பார்த்தாலும் நோயில் விழுகிறார்கள், முன்னணியில் நின்ற ரிச்சர்டு ஆலனும் மிகவும் முடியாமல் கிடக்கிறார் என்கிறார். இரண்டு மூன்று வாரத்திலேயே அவர் சொன்னது பொய்த்துப்போனதை அவரே எழுதிவைத்திருக்கிறார், ஆனால் மனைவிக்கு. அந்த மக்களுக்குச் சொன்ன வாக்கு அந்த மக்கள் முகத்தைப் பார்த்தே திருத்தப்பட்டிருக்க வேண்டும்.

பிறகு மேத்யூ கேரி என்ற பதிப்பாளர், செவிலி வேலை செய்த கறுப்பினத்தவரில் சிலர் அதிகக் காசு பிடுங்கினார்கள், திருடினார்கள் என்று எழுதினார். ஆலனும் ஜோன்ஸும் 1794-ல் துண்டுப்பிரசுரம் போட்டு, செலவுக் கணக்கோடு பதில் சொன்னார்கள். ரஷ் கடிதங்களைப் படிக்கிறவர்கள் அதையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். அது இல்லாமல் 1793 பாதிக் கதைதான்.

தாழை:

நன்றி கல்மண்டபம். இதே ரஷ் 1773-லேயே அடிமை முறையைக் கண்டித்து எழுதியவர். பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர். ஆனாலும் வில்லியம் க்ரப்பர் என்ற மனிதரை அடிமையாக வைத்திருந்தார், 1794 வரை. ஜேம்ஸ் டர்ஹம் என்பவரோடு அவருக்குக் கடிதத் தொடர்பு இருந்ததும் தெரியுமா? அடிமையாகப் பிறந்து, டாக்டர்களிடம் வேலை செய்தே வைத்தியம் கற்று, விடுதலை பெற்று நியூ ஆர்லியன்ஸில் டாக்டராக இருந்தவர். 1788-ல் ரஷ் அவரை நேரில் சந்தித்தார். தான் அவருக்குப் புது மருந்துகள் சொல்லலாம் என்று பார்த்தால், அவர்தான் தனக்கு அதிகம் சொன்னார் என்ற பொருளில் எழுதினார். டர்ஹம் எழுதிய கடிதங்களில் ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் பேசும் தொனி தெரிகிறது. எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

ஊர்க்குருவி:

நான் மருத்துவம் தெரிந்தவன் இல்லை, வரலாற்று ஆர்வத்தில் வந்தேன். வாஷிங்டனைப் பற்றி ரஷ் மொட்டைக் கடிதம் எழுதினார் என்று எங்கோ படித்தேன். உண்மையா?

பழந்தாள்:

உண்மைதான் தம்பி. 1777-ல் ரஷ், வாஷிங்டன் தலைமையில் இருந்த விடுதலைப் படையின் மருத்துவப் பொறுப்பில் இருந்தார். ஆஸ்பத்திரிகளின் நிலைமை படுமோசம். ஒரே அறையில் அடைத்து வைத்த சிப்பாய்கள் போர்க்களத்தில் செத்ததைவிடக் காய்ச்சலில் அதிகம் செத்தார்கள். மேலே இருந்த டாக்டர் வில்லியம் ஷிப்பன்மேல் புகார் கொடுத்தார். எடுபடவில்லை. 1778 ஜனவரியில் பதவியை விட்டுவிட்டார்.

அதே ஜனவரி 12-ல் வர்ஜீனியா ஆளுநர் பேட்ரிக் ஹென்றிக்குக் கையெழுத்தில்லாத கடிதம் ஒன்று. படைக்கு நல்ல தலைமை இல்லை, வேறு தளபதிகளான கேட்ஸோ லீயோ கான்வேயோ வந்தால் சில வாரத்தில் நிமிர்த்திவிடுவார்கள் என்று அதில் இருந்தது. கையெழுத்தை வைத்து நீங்கள் கண்டுபிடித்துவிட்டால் நெருங்கிய நண்பரிடம்கூடச் சொல்லக் கூடாது, இந்தக் கடிதத்தை நெருப்பில் போட்டுவிடுங்கள் என்றும் கேட்டிருந்தார். ஹென்றி நெருப்பில் போடவில்லை. அப்படியே வாஷிங்டனுக்கு அனுப்பிவிட்டார். வாஷிங்டன் பார்த்ததுமே ரஷ் கையெழுத்து என்று தெரிந்துகொண்டார். தன்னிடம் அத்தனை இனிமையாக எழுதிய ஆள் இவர் என்று வாஷிங்டனுக்கு மிகவும் கசந்தது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, ஆஸ்பத்திரி பற்றி ரஷ் சொன்ன புகாரில் நியாயம் இருந்தது. தன் பெயரைப் போட்டு எழுதிய கடிதங்களில் அந்த நியாயம் பளிச்சென்று தெரிகிறது. பெயரில்லாமல் எழுதிய ஒரே ஒரு கடிதம் அதையெல்லாம் கெடுத்துவிட்டது.

கல்மண்டபம்:

அதே அவசரம் 1793-லும் தெரிகிறது. நிதியமைச்சராக இருந்த அலெக்சாண்டர் ஹாமில்டனுக்குக் காய்ச்சல் வந்து, எட்வர்டு ஸ்டீவன்ஸ் என்ற டாக்டர் பட்டை, ஒயின், குளிர்ந்த நீர்க்குளியல் என்று மென்மையாகப் பார்த்துக் குணமாக்கினார். ஹாமில்டன் அதைப் பாராட்டிப் பகிரங்கக் கடிதம் எழுதினார். ரஷ் அதை வைத்தியச் செய்தியாகப் பார்க்கவில்லை, அரசியல் பகையாகப் பார்த்தார். நோய்முதல் நாடுவதை விட்டுவிட்டு எதிராளி யாரென்று நாடினால் இப்படித்தான் ஆகும். நவம்பர் 5-ல் டாக்டர்கள் கழகத்திலிருந்தே விலகிக் கடிதம் கொடுத்தார், கூடவே சிடன்ஹாம் என்ற பழைய ஆங்கில மருத்துவரின் நூலையும் அன்பளிப்பாக அனுப்பினார்.

வார்டு_நைட்_ஷிப்ட்:

அந்த வருஷம் கொசு வழக்கத்தைவிட மிக அதிகம் என்று ரஷ் அடுத்த வருஷம் வெளியிட்ட நூலில் குறித்திருக்கிறார். கண்ணால் பார்த்ததை எழுதிவைத்தார், ஆனால் அதுதான் காரணம் என்று தோன்றவில்லை. கார்லோஸ் ஃபின்லே 1881-ல் ஹவானாவில் கொசுவைச் சொன்னார், வால்டர் ரீட் குழு 1900-ல் நிரூபித்தது. அன்றைக்கு யாருக்குமே தெரியாத காரணத்துக்காக ரஷ்ஷை நான் குறை சொல்லவில்லை. பக்கத்துத் தெருவில் வேறு வைத்தியத்தில் ஆள் பிழைக்கிறார் என்று தெரிந்தும் நின்று பார்க்காததைத்தான் சொல்கிறேன்.

தாழை:

அவருடைய மகன் ஜான் பற்றிய கடிதங்களை யாராவது படித்தீர்களா? கடற்படையில் இருந்த மகன். 1807-ல் துப்பாக்கிச் சண்டையில் நண்பனையே சுட்டுக் கொன்றுவிட்டு, மனம் பேதலித்து, 1810-ல் வீடு வந்து சேர்ந்தார். முடி வாராமல், நகமும் தாடியும் வளர்ந்து, வீட்டில் யார் கெஞ்சியும் வாய் திறக்காமல். 1811-ல் முன்னாள் ஜனாதிபதி ஜெஃபர்சனுக்கு எழுதும்போது என் மூத்த மகன் பென்சில்வேனியா ஆஸ்பத்திரியில் ஓர் அறையில் இருக்கிறான், அங்கேயே வாழ்நாள் முடியும் போலிருக்கிறது என்கிறார். அப்படியே ஆனது. 1837-ல் ஜான் இறக்கும்வரை அங்கேதான்.

அந்த ஆஸ்பத்திரியில் மனநோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர் அப்பாவேதான். பல வருஷம் முன்னால், 1789-லேயே, அவர்களை ஈரமும் குளிருமான அறைகளில் அடைத்திருப்பதைக் கண்டித்து நிர்வாகிகளுக்குக் கடிதம் எழுதியவர். 1810 செப்டம்பரில் மறுபடி எழுதுகிறார். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனி இடம், கைக்கு ஏதாவது வேலை, பொழுதுபோக்கு, கூட இருந்து பேச நல்ல மனிதர்கள் வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். மகன் உள்ளே இருந்த வருஷம் அது. அது நிர்வாகக் கடிதமா குடும்பக் கடிதமா? பழந்தாள் சார் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

வார்டு_நைட்_ஷிப்ட்:

அதே 1810 ஜூனில் எடின்பரோவில் படித்துக்கொண்டிருந்த இன்னொரு மகன் ஜேம்ஸுக்கு எழுதிய கடிதத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள் தாழை. மனநோயாளியை அமைதிப்படுத்த ஒரு நாற்காலி செய்திருக்கிறேன், உடம்பின் எல்லாப் பகுதியையும் கட்டிவிடும் என்று பெருமையாக எழுதுகிறார். தலையையும் ஒரு பெட்டிக்குள் அடக்கிவிடும் அந்த நாற்காலி. சங்கிலியும் சாட்டையும் இருந்த காலத்தில் அது இரக்கம் என்றுதான் அவர் நினைத்தார். கட்டிப்போட்ட நோயாளியின் மணிக்கட்டை அவிழ்த்துப் பார்த்தவள் நான், என்னால் அந்தக் கடிதத்தை எளிதாகத் தாண்ட முடியவில்லை.

ஊர்க்குருவி:

கனமாகப் போகிறது. பேச்சு விட்டுப்போன முன்னாள் ஜனாதிபதிகள் ஆடம்ஸையும் ஜெஃபர்சனையும் சேர்த்துவைத்தவர் இவர்தானே? அதைச் சொல்லுங்கள் சார்.

பழந்தாள்:

ஆமாம், அந்தக் கதை அழகானது. 1805 பிப்ரவரியில் ஜான் ஆடம்ஸ் எழுதுகிறார்: நீயும் நானும் ஒருவருக்கொருவர் விடைபெறாமல் சாகக் கூடாது என்று தோன்றியது. அங்கேயிருந்து இருவரும் ரஷ் சாகும்வரை எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஆடம்ஸ் ஜனாதிபதியாக இருந்தபோது ரஷ்ஷுக்கு நாணயச்சாலைப் பொருளாளர் வேலை கொடுத்தவர், நோயாளிகள் வருவது குறைந்திருந்த சமயத்தில். அந்த நன்றியும் ரஷ்ஷுக்கு இருந்தது.

1809 அக்டோபர் 17-ல் ரஷ் ஒரு கனவை எழுதுகிறார். மகன் ரிச்சர்டு அமெரிக்க வரலாறு ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறான், அதில் இரண்டு முன்னாள் ஜனாதிபதிகள் பழைய நட்பைப் புதுப்பித்துக்கொண்டதாக எழுதியிருக்கிறது. கனவு என்று சொல்லிக்கொண்டு ஆலோசனை சொல்கிறார். ஆடம்ஸ் கனவை ரசித்தார், ஆனால் இரண்டு வருஷத்துக்கு மேல் அசையவில்லை. ரஷ் விடாமல் இரண்டு பக்கமும் எழுதினார். இவர் உங்களைப் பற்றி இப்படி அன்பாகச் சொன்னார் என்று அங்கேயும், அவர் இப்படிச் சொன்னார் என்று இங்கேயும். 1812 ஜனவரி 1-ல் ஆடம்ஸ் ஜெஃபர்சனுக்கு முதல் கடிதம் போட்டார். நீங்கள் இருவரும் அமெரிக்கப் புரட்சியின் வட துருவமும் தென் துருவமும், சிலர் பேசினார்கள், சிலர் எழுதினார்கள், சிலர் போரிட்டார்கள், நீங்கள் இருவர்தான் எங்கள் எல்லோருக்காகவும் சிந்தித்தவர்கள் என்று ரஷ் பிப்ரவரியில் மகிழ்ந்து எழுதினார்.

வைத்தியத்தில் பொறுமையில்லாமல் இரண்டே வாரத்தில் முடிவுக்கு வந்த மனிதர், இந்த ஒட்டுப்போடும் வேலையில் வருஷக்கணக்கில் காத்திருந்தார். இரண்டையும் ஒரே தொகுதியில் படிக்கும்போது ஆச்சரியமாக இருக்கிறது.

1811 ஜூலை 20 கடிதமும் படியுங்கள். பிரகடனத்தில் கையெழுத்திட்ட நாளை நினைவுகூர்கிறார். ஒவ்வொருவராக மேசைக்குப் போய், தங்கள் மரண ஓலை என்று நினைத்ததில் கையெழுத்துப் போட்டபோது இருந்த மௌனம். குண்டான பெஞ்சமின் ஹாரிசன் ஒல்லியான எல்பிரிட்ஜ் ஜெர்ரியிடம், நம்மைத் தூக்கில் போடும்போது என் எடைக்கு நான் சட்டென்று செத்துவிடுவேன், நீ ஒரு மணி இரண்டு மணி நேரம் காற்றில் ஆடுவாய் என்று சொல்லிச் சிரிக்கவைத்தார். ரஷ் எழுதிவைத்ததால்தான் இது இன்றைக்கும் சொல்லப்படுகிறது.

கல்மண்டபம்:

ஒரு சின்னச் சேர்க்கை. மனித மனத்தின்மேல் செலுத்தப்படும் எந்தக் கொடுங்கோன்மைக்கும் நிரந்தரப் பகையைக் கடவுள் சந்நிதியில் சத்தியம் செய்திருக்கிறேன் என்ற ஜெஃபர்சன் வாக்கியம் வாஷிங்டன் நகர நினைவு மண்டபத்தில் பொறித்திருக்கிறதே, அது 1800 செப்டம்பர் 23-ல் ரஷ்ஷுக்கு எழுதிய கடிதத்திலிருந்து எடுத்தது. ரஷ் இறந்ததும் மதம் பற்றித் தான் எழுதிய அந்தரங்கக் கடிதத்தைத் திருப்பித் தரும்படி ரஷ்ஷின் மகன் ரிச்சர்டை ஜெஃபர்சன் கேட்டு வாங்கிக்கொண்டார். வேறு யார் கண்ணிலாவது பட்டுவிடுமோ என்ற பயம்.

ஊர்க்குருவி:

எங்கே தொடங்குவது? இரண்டு தொகுதியும் வாங்க வசதியில்லை.

பழந்தாள்:

ஆடம்ஸ், ஜெஃபர்சன், வாஷிங்டனோடு உள்ள போக்குவரத்து ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் என்ற அமெரிக்க ஆவணக்காப்பகத் தளத்தில் இலவசமாக இருக்கிறது. பெயரையும் வருஷத்தையும் போட்டுத் தேடினால் போதும். ஹென்றிக்கு எழுதிய மொட்டைக் கடிதக் கதையையும் அங்கேயே பிடித்துக்கொள்ளலாம். ஜூலியாவுக்கு எழுதியவற்றுக்குப் பட்டர்ஃபீல்டு தொகுப்புதான் வழி, பெரிய பல்கலைக்கழக நூலகங்களில் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் 1793 ஆகஸ்டு 21 முதல் நவம்பர் வரை இடைவிடாமல் ஒரே மூச்சில் படியுங்கள், நடுவில் வேறெதற்கும் தாவ வேண்டாம். அப்புறம் ஆலன், ஜோன்ஸ் பிரசுரம். அதை முடித்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள், செப்டம்பர் 25 கடிதத்திலிருந்து மறுபடி பேசுவோம்.